மழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள்

கேள்வி:

ஐயா, நான் புதுச்சேரிக்காரி. பிரெஞ்சுத் தீவான ரியூனியனுக்கு வந்து நாற்பது வருஷம் ஆகிறது, சேன் தெனியில் இருக்கிறேன். காலமான என் கணவர் சேன் ஆந்த்ரேயில் வாங்கிப் போட்ட அபார்ட்மென்ட் ஒன்று சும்மா கிடக்கிறது. 1994-ல் கட்டியது. முதல் மாடி, இரண்டு படுக்கையறை, 58 சதுர மீட்டர். பள்ளி கேண்டீனில் அரை நேர வேலை பார்க்கும் ஒரு பெண், இரண்டு பிள்ளைகளோடு குடிவரக் கேட்கிறாள். வாடகையில் ஒரு பங்கை காஃப் (குடும்ப உதவித்தொகை அலுவலகம்) கொடுக்கும் என்கிறாள். எனக்கு இது புதுசு. காஃப் ஆள் வந்து வீட்டைச் சோதிப்பாராமே? நான் வீட்டில் என்னென்ன செய்து வைக்க வேண்டும்? "காஃப் ஆளுங்களுக்குத்தானே, ஒரு கோட் வெள்ளையடிச்சுக் கொடுத்தா போதும், மூணு மாச அட்வான்ஸும் பாங்க் கணக்கும் மறக்காம வாங்கிக்கோங்க" என்கிறார் கொழுந்தனார். இந்தத் தொல்லையே வேண்டாம், என் மகளை அங்கே குடிவைத்து அவள் பேரில் காஃப் வாங்கிக்கொண்டால் என்ன என்றும் தோன்றுகிறது.

— பெயர் வேண்டாம், சேன் தெனி

பதில்:

அம்மா, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். மகளுக்கு வீட்டைக் கொடுங்கள், சந்தோஷம். ஆனால் அவள் பேரில் காஃப் வராது. வீட்டுக்காரருக்குப் பெற்றோரோ, பிள்ளையோ, பேரப்பிள்ளையோ அந்த வீட்டில் குடியிருந்தால் வீட்டு உதவித்தொகை கிடையாது. முறையாக ஒப்பந்தம் எழுதி, மாதாமாதம் வாடகை கைமாறினாலும் கிடையாது. உறவை மறைத்து வாங்கினால் பிறகு மொத்தத்தையும் திருப்பிக் கட்ட வேண்டி வரும். அதனால் கேண்டீன் அம்மாவைப் பற்றியே பேசுவோம்.

நான் இருபது வருஷத்துக்கு மேலாக இங்கே மற்றவர்களின் வீடுகளை வாடகைக்கு விட்டுப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். உங்கள் கொழுந்தனார் சொன்னதை மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் சொல்கிறார்கள். மூன்று யோசனை சொல்லியிருக்கிறார், மூன்றும் தப்பு. அதிலும் உங்களை ரொம்பச் செலவில் இழுத்துவிடப் போவது அந்த ஒரு கோட் வெள்ளைதான்.

என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், கிழக்குப் பக்கம் ஒரு வீட்டை ஆகஸ்ட் மாதம் போய்ப் பார்த்தேன். வீட்டுக்காரர் அப்போதுதான் பெயிண்ட் அடித்து முடித்திருந்தார். சுவரெல்லாம் பளபளவென்று இருந்தது, வாசனைகூடப் போகவில்லை. நானும் "நன்றாக இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிப்ரவரியில் குடியிருந்தவர் கூப்பிட்டார். பிள்ளைகளின் அறையில் கட்டிலுக்குப் பின்னால் கை அகலத்துக்குக் கறுப்புப் பூஞ்சை. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, விரலால் தொட்டாலே தோலாக உரிந்து வந்தது. அந்தச் சுவரில் ஈரம் முன்பே இருந்திருக்கிறது. பெயிண்ட் அதை ஆறு மாதம் மூடி வைத்திருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து சேன் ஆந்த்ரே, சேன் பெனுவா பக்கம் எந்த வீட்டையும் வெயில் நாளில் மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. நீங்களும் நல்ல மழை ஒன்று பெய்து விட்ட மறுநாள் பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள். காற்று கிழக்கிலிருந்து வருகிறது, மழையும் அந்தப் பக்கம்தான் கொட்டுகிறது. சேன் தெனியில் இருந்துகொண்டு அந்த ஈரத்தைக் கணக்குப் போட முடியாது.

சுவரில் ஈரம் தெரிந்தால் உடனே மேஸ்திரியைக் கூப்பிட வேண்டாம். முதலில் அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கெட்டியான பிளாஸ்டிக் தாள் ஒன்றை, ஒரு தலையணை அளவுக்கு வெட்டி, சந்தேகமான இடத்தில் வைத்து நாலு பக்கமும் டேப் போட்டு இறுக ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பிரியுங்கள். தாளுக்கு உள்பக்கம், அதாவது சுவரைத் தொடும் பக்கம் நீர்முத்து கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது: வெளிச்சுவர் விரிசல், மேல்வீட்டுக் குளியலறை, இல்லை குழாய்க் கசிவு. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறையின் காற்றில் இருக்கிற ஈரம், காற்றோட்டம் போதவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. காற்றோட்டக் குறைக்கு அடைத்துப்போன காற்றுத் துவாரத்தைத் திறந்தாலே பாதி சரியாகும். வெளிச்சுவர் விரிசலாக இருந்தால் அது உங்கள் ஒருவர் செலவு இல்லை. கட்டடத்தின் பொதுப் பகுதி, கட்டடத்தை நிர்வகிக்கும் 'சந்திக்'கின் வேலை. போட்டோ வைத்து ரெஜிஸ்டர் தபாலில் எழுதுங்கள். போனில் சொன்னதெல்லாம் காற்றோடு போய்விடும்.

இப்போது காஃப் விஷயத்துக்கு வருகிறேன். பிரான்ஸில் இருக்கிற சொந்தக்காரர்கள் வீட்டு உதவித்தொகையை 'ஆபேஎல்' என்பார்கள். இங்கே உங்கள் மாதிரித் தனியார் வீட்டுக்கு வருவது 'அலொக்காசியோன் லொழ்மான்'. பிள்ளைகள் இருப்பதால் குடும்ப வகை. காஃப் ஆள் எல்லா வீட்டுக்கும் வந்து கதவைத் தட்டுவதில்லை. புகார் வந்தால், சந்தேகம் வந்தால் வருவார்கள். ஆனால் அவர்கள் வருவதற்கு முன்பே நீங்கள் ஒரு காகிதத்தில் மாட்டிக்கொள்கிறீர்கள். வாடகைச் சான்று என்று வீட்டுக்காரர் நிரப்பிக் கொடுக்கும் படிவத்தில், 'இந்த வீடு குடியிருக்கத் தகுதியானது' என்று சொல்வது நீங்கள்தான். பிறகு சோதனையில் தகுதியில்லை என்று தெரிந்தால் காஃப் பணத்தை நிறுத்தி வைக்கலாம். ரிப்பேர் முடிந்த பிறகுதான் விடும். அதுவரை அந்தப் பெண் தன் பங்கை மட்டும் கட்டினால் போதும். மீதியை அவளிடம் கேட்க உங்களுக்கு உரிமையில்லை. அதனால்தான் சொல்கிறேன், காஃப் வீட்டுக்கு வெள்ளையடித்தால் போதும் என்பது தலைகீழ்க் கணக்கு. சுவர் ஒழுகினால் வாடகையே பாதியாக நிற்கக்கூடிய வீடு அது.

தகுதி என்றால் என்ன என்று 2002 ஜனவரி 30-ஆம் தேதி அரசாணை சொல்கிறது. குறைந்தது ஒரு அறையாவது 9 சதுர மீட்டரும், 2.20 மீட்டர் உயரமும், இல்லையென்றால் 20 கன மீட்டர் கொள்ளளவும் இருக்க வேண்டும். மழைநீர் உள்ளே வரக்கூடாது. குடிநீர், கழிவுநீர்க் குழாய், பாத்திரம் கழுவும் தொட்டி, அடுப்பு வைக்க இடம், குளியலறை, சமையலறையிலிருந்து பிரிந்த கழிப்பறை, வெளிச்சம், காற்று, ஆபத்தில்லாத மின்சாரம். உதவித்தொகைக்குப் பரப்பளவுக் கணக்கு தனி: ஒருவருக்கு 9, இருவருக்கு 16, அதற்கு மேல் ஆளுக்கு 9 சதுர மீட்டர். தாயும் இரண்டு பிள்ளைகளும் என்றால் 25 போதும். உங்களிடம் 58 இருக்கிறது, கவலை இல்லை.

கவலை மின்சாரத்தில்தான். 1994-ல் கட்டிய வீடு. 15 வருஷம் தாண்டிய மின் இணைப்பு என்றால் வாடகைக்கு விடும் முன் அதற்கான டயக்னோஸ்டிக் (சோதனை அறிக்கை) எடுத்தாக வேண்டும், ஆறு வருஷம் செல்லும். அந்த ஆள் வருவதற்கு முன் நீங்களே ஒன்று செய்து பாருங்கள். வாசல் பக்கம் இருக்கும் 'தப்லோ'வை, அதாவது மின்பெட்டியைத் திறந்தால் 30 மில்லிஆம்பியர் என்று எழுதிய டிஃபெரான்சியல் (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சாதனம்) இருக்க வேண்டும். அதில் சின்னதாக ஒரு பொத்தான், 'டி' என்று போட்டிருக்கும். விளக்கு ஒன்றை எரியவிட்டு அந்தப் பொத்தானை அழுத்துங்கள். 'டக்' என்று நெம்புகோல் கீழே விழுந்து விளக்கு அணைய வேண்டும். விழவில்லை என்றால், இல்லை அப்படி ஒரு பொத்தானே இல்லை என்றால், பெயிண்டுக்கு ஒதுக்கிய காசை எடுத்து எலக்ட்ரீஷியனுக்குக் கொடுங்கள். ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொடுகிற பிள்ளையைக் காப்பாற்றப் போவது அந்தச் சின்ன சாதனம்தான்.

அதே டயக்னோஸ்டிக்காரரிடம் மற்றவற்றையும் கேட்டு ஒரே நாளில் முடித்துக்கொள்ளுங்கள். கட்டட அனுமதி 1997 ஜூலைக்கு முந்தியது என்பதால் ஆஸ்பெஸ்டாஸ் அறிக்கை உங்கள் கைவசம் இருக்க வேண்டும். ஈயப் பரிசோதனை 1949-க்கு முந்திய வீடுகளுக்கு, உங்களுக்கு வேண்டாம். வெள்ளம், புயல் அபாயத்தைச் சொல்லும் தாள் ஒன்று உண்டு. கையெழுத்துப் போடும் நாளில் அது ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். சில ஊர்களில் சில தெருக்களுக்கு வாடகைக்கு விடவே மேரியின் (நகராட்சி அலுவலகத்தின்) அனுமதி கேட்கிறார்கள். உங்கள் தெரு அதில் இருக்கிறதா என்று சேன் ஆந்த்ரே மேரியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அப்புறம் வராங், அதாவது வராந்தா. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் நான் முதலில் கை வைப்பது வராங் கம்பியில்தான். இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சம் பலமாகவே ஆட்டிப் பாருங்கள். கடல்காற்றில் கம்பி மேலே நன்றாகத் தெரியும், சிமெண்டுக்குள் போகும் இடத்தில் துருப்பிடித்து இற்றிருக்கும். அங்கே பெயிண்ட் உப்பியிருந்தால் சுரண்டிப் பாருங்கள். கம்பி உறுதியாக இருப்பதும் அந்த அரசாணையில் உள்ள விஷயம்தான். 'நாக்கோ' என்ற கண்ணாடிப் பட்டை ஜன்னல்களின் கண்ணாடிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். பிடிக்கும் கவ்வி தளர்ந்திருந்தால் புயலில் அந்த ஒரு கண்ணாடிதான் முதலில் பறக்கும், பின்னாலேயே மழை படுக்கையறைக்குள் வரும். 2024 ஜனவரியில் பெலால், 2025 பிப்ரவரி கடைசியில் காரான்ஸ் என்று அடுத்தடுத்து இரண்டு பார்த்துவிட்டோம். சும்மா பூட்டிக்கிடந்த உங்கள் வீட்டில் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது.

பூட்டிக்கிடந்த வீட்டில் உங்களுக்கு முன்பே கரப்பான் குடியேறியிருக்கும். சிரிக்காதீர்கள்; பூச்சித் தொல்லை இல்லாமல் வீட்டைக் கொடுக்க வேண்டும் என்பதும் 2018 முதல் சட்டம். ஒருமுறை மருந்து அடித்தால் முட்டை பிழைத்துக்கொள்ளும், இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை அடிக்க வேண்டும். ஆகையால் இதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்க வேண்டும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு அடியில் பழைய டப்பா ஏதாவது வைத்திருந்தால் தூக்கிப் போடுங்கள். 2005-06 சிக்குன்குன்யாவில் இந்தத் தீவில் மூன்றில் ஒருவருக்கு வந்தது. 2025-லும் திரும்ப வந்தது. முழங்கால் வலி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

புகை எச்சரிக்கைக் கருவி ஒன்று வாங்கி, படுக்கையறைகளுக்குப் போகும் வழியில் மாட்டுங்கள். 2015 மார்ச் முதல் கட்டாயம். வாங்கி மாட்டுவது உங்கள் பொறுப்பு, பேட்டரி மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. பழைய காஸ் அடுப்பு கிடந்தால் எடுத்துவிடுங்கள். ரப்பர் குழாயில் வருஷம் அச்சிட்டிருக்கும், பார்த்தால் உங்களுக்கே பயமாக இருக்கும்.

கட்டில், பிரிட்ஜ் எல்லாம் வாங்கிப் போடலாமா என்று யோசிக்காதீர்கள். சாமான்களோடு விடுவதென்றால் 2015-ல் வந்த பட்டியல்படி போர்வையிலிருந்து துடைப்பம் வரை எல்லாம் இருக்க வேண்டும். ஒன்று உடைந்தாலும் உங்களுக்குத்தான் போன் வரும். பிள்ளைகளோடு வருகிற பெண்ணுக்குச் சொந்தச் சாமான் இருக்கும். காலியாகவே கொடுங்கள். காலி வீட்டுக்கு ஒப்பந்தம் மூன்று வருஷம். இங்கே அதற்குப் பெயர் 'பாய்'. சுருட்டி மூலையில் வைக்கிற பாய் இல்லை, பத்திரமாக வைக்க வேண்டிய பாய்.

சரி, பெயிண்ட். ஈரத்தை முடித்த பிறகு அடியுங்கள், தாராளமாக. தோள் உயரம் வரை துடைத்தால் போகிற சாட்டின் வகை. மலிவான மேட் பெயிண்ட் அடித்தால் பிள்ளைகள் கை வைத்த இடமெல்லாம் நிற்கும், அடுத்த முறை முழுச் சுவரையும் அடிக்க வேண்டி வரும்.

இனி கொழுந்தனாரின் மற்ற இரண்டு யோசனைகள். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்கிப் பழகிய கண்ணுக்கு மூன்று மாதம் குறைவாகத்தான் தெரியும். இங்கே காலி வீட்டுக்கு ஒரு மாத வாடகை, செலவுப் பங்கு சேர்க்காமல், அதற்கு மேல் ஒரு சென்டிம் வாங்கக்கூடாது. காலி செய்யும்போது வீடு கொடுத்தபடியே இருந்தால் ஒரு மாதத்துக்குள், சேதம் இருந்தால் இரண்டு மாதத்துக்குள் திருப்ப வேண்டும். தாமதித்தால் மாதத்துக்கு வாடகையில் பத்து சதவீதம் கூடும். நம் ஆட்கள் 'கோசியோன்' என்று சொல்லும்போது இந்தப் பணத்தைச் சொல்கிறார்களா, பிணை நிற்கும் ஆளைச் சொல்கிறார்களா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டும் வேறு. அந்த ஒரு மாதப் பணமே அவளிடம் இல்லையென்றால் மாவட்ட சபை நடத்தும் எஃப்எஸ்எல் என்ற வீட்டு உதவி நிதியைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாங்க் கணக்கு கேட்பது 2015 நவம்பர் ஆணைப்படி தடை. அடையாள அட்டை, கடைசி மூன்று சம்பளச் சீட்டு, வரி அறிவிப்பு, காஃப் கொடுக்கும் சான்று: இவ்வளவு கேட்கலாம், இவ்வளவே போதும். வாடகை கட்ட முடியுமா என்று பார்ப்பது உங்கள் உரிமை. வறுமையில் இருக்கிறாள் என்பதற்காகவே மறுப்பதை 2016 முதல் சட்டம் பாகுபாடு என்கிறது.

பணம் ஒழுங்காக வருமா என்று உங்கள் மனதில் ஓடுகிறது. காஃப் பங்கை நேராக உங்கள் கணக்குக்கே அனுப்பச் சொல்லலாம். படிவத்தில் அதற்கு இடம் இருக்கிறது, ரிப் (பாங்க் கணக்கு விவரத் தாள்) ஒன்று இணைத்தால் போதும். பேச்சுக்கு வாடகை 700 யூரோ, காஃப் 400 என்று வைத்துக்கொண்டால், அவளிடம் வாங்குவது 300. ரசீதில் இரண்டையும் எழுதுங்கள். 2021-லிருந்து கடைசிப் பன்னிரண்டு மாத வருமானத்தைப் பார்த்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை காஃப் கணக்கைத் திருத்துகிறது. அதனால் அந்த 400 ஏறும், இறங்கும். இறங்கினால் அவள் பங்கு ஏறும். இதை முதல் நாளே அவளிடம் சொல்லிவிடுங்கள். பல சண்டைகள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

இன்னொரு விஷயம், ரொம்பப் பேர் இதில் தடுமாறுகிறார்கள். புதிதாக உதவி கேட்பவருக்குப் பொதுவாகக் குடியேறிய மாதத்துக்குப் பணம் இல்லை. அடுத்த மாதத்திலிருந்துதான் உரிமை, அந்த மாதப் பணமும் மாதம் முடிந்த பிறகே வரும். மே 3-ஆம் தேதி சாவி கொடுத்தால் ஜூன் மாதப் பங்கு ஜூலை பிறக்கும்போதுதான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே மாதத் தொடக்கத்தைவிட மாதக் கடைசியில் ஒப்பந்தம் போட்டால் அவளுக்கு நஷ்டம் குறைவு. கையெழுத்துப் போட்ட அன்றைக்கே வாடகைச் சான்றை நிரப்புங்கள். நீங்கள் ஒரு மாதம் தள்ளிப் போட்டால் அவள் விண்ணப்பமும் அங்கே தூங்கும்; விண்ணப்பிப்பதற்கு முந்திய மாதங்களுக்குப் பணம் பின்தேதியிட்டு வராது. என்றைக்காவது அவள் பங்கு வராமல் நின்றால் மனசு இளகி மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். பாக்கியை நேரத்தில் காஃபுக்குத் தெரிவிப்பது வீட்டுக்காரர் கடமை. அவர்களே தவணை ஏற்பாட்டுக்கு வழி பார்ப்பார்கள். இதெல்லாம் என்னால் முடியாது என்று தோன்றினால், வீட்டைத் தாங்களே எடுத்துக் குடிவைத்து, வாடகையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் சங்கங்களும் இங்கே உண்டு. வாடகை கொஞ்சம் குறையும், தூக்கம் வரும்.

சாவி கொடுக்கும் நாளில் 'எத்தா தெ லியே'யை, அதாவது வீடு இருக்கிற நிலையைப் பதியும் தாளை, அவசரப்படாமல் எழுதுங்கள். அறை அறையாக, இருவரும் சேர்ந்து நடந்து. 'நன்று' என்று எழுதாதீர்கள். 'சமையலறை ஜன்னல் இடப்பக்கம், மூன்றாவது நாக்கோ கண்ணாடி ஓரத்தில் சிராய்ப்பு' என்று எழுதுங்கள். குழாயைத் திறந்து பாத்திரத் தொட்டிக்கு அடியில் கையை விட்டுத் தடவி, விரல் நனைகிறதா என்று அவள் முன்னாலேயே பாருங்கள். மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக் காப்பீட்டுச் சான்றை அவள் கொடுத்த பிறகே சாவி. குடியில்லாத வீட்டுக்காரராக உங்களுக்கும் ஒரு காப்பீடு கட்டாயம், அடுக்குமாடி என்பதால். உங்கள் கணவர் காலத்தில் எடுத்தது இன்னும் ஓடுகிறதா என்று பழைய ஃபைலில் தேடுங்கள்.

அவள் வீடு பார்க்க மறுபடி வரும்போது வாஷிங் மெஷின் எந்த அளவு என்று கேட்டு வையுங்கள். 1994 கட்டடங்களில் குளியலறையில் அதற்கு விட்ட இடம் குறுகல். நுழையவில்லையென்றால் வராங்கில் கொண்டுபோய் வைப்பாள், அங்கே தண்ணீர்க் குழாயும் இருக்காது, எர்த் பிளக்கும் இருக்காது. எலக்ட்ரீஷியன் வருகிற அன்றைக்கே அதையும் சேர்த்து முடித்தால் ஒரே கூலி.